வீட்டுக்காரர்

"வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்னு சொல்றாங்க அண்ணி."

போனைக் கையால் பொத்திக்கொண்டு கொழுந்தன் இதைச் சொன்னபோது அவள் கணவரின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆட்கள் உட்காரும் இரும்பு பெஞ்சில் சட்டையைக் குப்புறப் போட்டு, கைகளைப் பின்பக்கம் மடக்கி, ஓரம் சேர்த்து. அவசரப் பிரிவில் யாரோ அதை முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்கள். பொத்தான் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது போல. சலவைக் கடையில் ஊரார் சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்டுக் கைரேகை தேய்ந்தவள் அவள். வெட்டு வெளியே தெரியாமல் மடிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. மடித்து முடித்தாள். பிடிக்கவில்லை. உதறிவிட்டு மறுபடியும் மடித்தாள்.

"யாரு சொல்றாங்க?"

"ஓனரம்மாதான். லைன்ல இருக்காங்க. அழுறாங்க வேற."

"அழுறாங்களா?"

"அழுதுகிட்டேதான் வேண்டாங்கறாங்க."

வீடு பார்க்க ஆள் வருகிறார்களாம். இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்று இவர்கள்தானே சொல்லியிருந்தார்கள்? அடுத்துக் குடிவரப் போகிறவர்கள் இன்றைக்குச் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. வருகிற நேரத்தில் கூடத்தில் ஒருவரைக் கிடத்தி வைத்திருந்தால் யார் அந்த வீட்டுக்கு வருவார்கள்? அந்த அம்மாள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருந்தது. நியாயம் இருப்பதுதான் எரிச்சலாக இருந்தது.

நேற்று மத்தியானம் ஒரு பெரிய கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்ப்பதற்காக அவரே நிறுத்தி வைத்த லிஃப்ட் அது. அதனால் கூட இருந்தவர்கள் அவரைப் படி வழியாகத்தான் தூக்கி இறக்கினார்கள். ராத்திரி முழுக்க மூச்சு இருந்தது. காலையில் இல்லை. யார் கேட்டாலும் அவள் இதையே சொன்னாள், கூட்டாமல் குறைக்காமல், அடுத்த தெருக் கதையைச் சொல்வது போல. அழுகை வரவில்லை. கால்தான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை போவாள், குடிக்காமல் திரும்பி வருவாள்.

"கொஞ்சம் உட்காரும்மா," என்றாள் நாத்தனார். அவருடைய அக்கா. காலையில் சேதி கேட்டதும் ஒரு காலில் ஒரு செருப்பும் மறுகாலில் வேறு செருப்புமாக ஓடி வந்தவள். இன்னும் அதைக் கவனிக்கவில்லை. "விடிஞ்சதுலேருந்து நடந்துகிட்டே இருக்க."

"உட்கார்ந்தா எந்திரிக்க முடியாதுக்கா."

"சரி, நான் சொல்றதைக் கேளு. அவங்க வேண்டாம்னா விட்டுடு. இங்கிருந்து நேரா கொண்டுபோயிடலாம்."

"பொண்ணு வர வேண்டாமா?"

மகள் வெளியூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பஸ் ஏறிவிட்டாள். வந்து சேர இருட்டப் பார்க்கும்.

"அதுவரைக்கும் இங்கேயே ஐஸ் ரூம்ல வச்சிருப்பாங்க."

"நான் போய்ப் பாத்தேன்க்கா. பீரோ இழுப்பறை மாதிரி இருக்கு. இழுத்துக் காட்டுறாங்க, தள்ளிச் சாத்துறாங்க. அவ வந்து அப்படியா பாக்கணும்? இருக்க ஓர் இடம் இல்லாத ஆளா அவரு?"

யாருக்கும் பதில் தெரியாமல் இல்லை. அவருக்கு இடம் இருந்தது. போன மாதம்தான் வாங்கியிருந்தார்.

"புது வீடு இருக்கே..." என்று கொழுந்தன் இழுத்தான். எதையும் யோசிக்காமல் பேசிவிட்டுப் பிறகு யோசிப்பான். அவர் தம்பிக்கு வைத்திருந்த பெயரே 'அவசரம்'.

நாத்தனார் அவனை ஒரு பார்வை பார்த்தாள். "நல்லா இருக்குடா. இன்னும் ஒரு டம்ளர் தண்ணி குடிக்காத வீடு. அங்க முதன்முதலா இப்படியா போறது? எல்லாரும் நாளைக்கு அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவோம். இவ ஒருத்தி அந்த வீட்டுல எப்படிப் படுப்பா? அதை யோசிச்சியா?"

அவசரம் யோசிக்கவில்லைதான்.

அவளுடைய போன் அடித்தது. மகள். பஸ் இரைச்சலுக்கு நடுவே குரல் விட்டு விட்டு வந்தது. அழுது முடித்து, மூக்கடைத்த குரல்.

"அம்மா, எந்த வீட்டுக்கு வரட்டும்?"

"என்ன?"

"பழைய வீட்டுக்கா, புது வீட்டுக்கா? எங்கம்மா இறங்கணும்? கண்டக்டர் கேக்குறார்."

அவள் சட்டையைப் பையில் வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். "சொல்றேன்," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பெற்ற பெண் எந்த வீட்டுக்கு வரட்டும் என்று கேட்கிறாள். அம்மாவுக்குத் தெரியவில்லை. இப்படியும் ஒரு கேடு வருமா?

"வண்டியை எடு தம்பி," என்றாள் கொழுந்தனிடம். "அந்த அம்மாகிட்ட நானே நேர்ல பேசறேன். அவருக்கு மாத்துத் துணியும் எடுக்கணும்."

*

வாடகைக்கு இருந்த வீடுகளை அவள் எண்ணி வைத்திருக்கவில்லை. மகளை வைத்துத்தான் சொல்வாள். நடக்கப் பழகியது பச்சைக் கதவு வீட்டில். பல் விழுந்தது கிணற்றடி வீட்டில். பெரிய பரீட்சை எழுதியது, கீழே மாவு மெஷின் ஓடி ஓடித் தரையே அதிர்ந்த வீட்டில். வீடு எதுவானாலும் வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வாயால்தான் பேசினார்கள். சாவியைக் கையில் கொடுக்கும் முன் சொல்லும் முதல் வாக்கியம்: "சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது."

அவர் அடிக்கவில்லை. பகலெல்லாம் ஊரான் கட்டடத்தில் சுவரைத் துளைத்து இரும்பு போல்ட் முடுக்குகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் சட்டையை மாட்ட ஓர் ஆணி இல்லாமல் ஜன்னல் கம்பியில் செருகுவார். கடிகாரம் அலமாரி மேல் சாய்ந்தபடி மணி காட்டியது. கல்யாணப் போட்டோ கட்டிலுக்கு அடியில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்தது. நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும், கீழே கேட்கும். மகள் சின்ன வயதில் ஓடினால் இருவரும் சேர்ந்தாற்போல் "உஷ்" என்பார்கள். அந்த உஷ் அவர்கள் மூன்று பேருக்குள்ளும் அப்படியே தங்கிவிட்டது. சண்டைகூட அடங்கிய குரலில்தான் போடுவார்கள்.

கணவரைப் பற்றி வெளியில் பேசும்போது எல்லாப் பெண்களையும் போல அவளும் 'எங்க வீட்டுக்காரர்' என்பாள். அதைக் கேட்டாலே அவருக்குச் சிரிப்பு.

"ஏண்டி, எனக்கு எந்த ஊர்ல வீடு இருக்கு? வீட்டுக்காரருங்கற. யாராவது நம்பி வாடகைக்குக் கேட்டுடப் போறாங்க. வாடகை வீட்டுக்காரர்னு சொல்லு."

"ஆமா, ரொம்ப முக்கியம். வேற எப்படிச் சொல்றதாம்?"

"குடித்தனக்காரர்னு சொல்லு. கரெக்டா இருக்கும்."

வீடு கிரயமாகி முடிந்த அன்று, தெருவில் வரும்போதே காதோடு சொன்னார்: "இனிமே தைரியமா சொல்லிக்கோ."

மறுநாளே சுத்தியலோடு கிளம்பிவிட்டார். காலியான கூடம். நட்ட நடுச் சுவர். ஜன்னலைத் திறந்துகொண்டிருந்த அவள் திரும்புவதற்குள், ஓங்கி ஓர் அடி. காரை பெயர்ந்து தரையில் கொட்டியது. ஆணி கோணலாக நின்றது. இத்தனை வருஷ ஆசையை ஒரே அடியில் அடித்தால் கோணாமல் என்ன செய்யும்?

"என்னங்க இது! நடுச் சுவத்துல போய்!" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "இப்படிக் காரைய உடைச்சு வச்சிருக்கீங்களே, ஓனர் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"ஓனர் ஒண்ணும் சொல்லலடி. ஓனருக்கு ரொம்ப சந்தோஷம்."

அவளுக்குக் கோபம் தணியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கோணல் ஆணி, கோணல் ஆணி என்று முணுமுணுத்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. முட்டி வலி, மூன்று மாடி ஏற வேண்டும், லிஃப்ட் இருக்கிறது என்று பேர், ஓடாது. சாமான் கட்டும்போது போனால் போதும் என்றிருந்தாள். அவரோ, தினமும் வேலை அதிகம் என்று சொல்லி இருட்டிய பிறகுதான் வீடு வந்தார்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் பையின் வாயைத் திறந்து பார்த்தாள். சட்டை, பெல்ட், ஒரு சாவிக் கொத்து. மூடினாள். "இன்னும் வேகமாப் போ தம்பி," என்றாள், அவசரத்தைப் பார்த்து.

*

ஓனரம்மா வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பொய் அழுகை இல்லை. "என் கூடப் பிறந்த தம்பி மாதிரிம்மா அவரு. என் மிக்ஸியை எத்தனை தடவை சரி பண்ணிக் குடுத்திருக்கார்!" என்றாள். "நேத்து ராத்திரியிலேருந்து நான் சாப்பிடலம்மா," என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா ஒண்ணும்மா..." என்று ஆரம்பித்தாள்.

"சாயங்காலம் பொண்ணு வந்து பாத்ததும் எடுத்துடுவோம்மா. அவ்வளவு நேரம்தான்."

"எனக்குப் புரியாம இல்லம்மா. இந்த வாடகைய விட்டா எனக்கு வேற என்ன வருது சொல்லு? ஒரு தடவை வீட்டுக்குப் பேரு வந்துடுச்சுன்னா அப்புறம் ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான்."

அவள் மாடிப்படி ஏறினாள். முட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை சுருக்கென்றது. வீட்டைத் திறந்து, பீரோவிலிருந்து அவருடைய நல்ல சட்டையை எடுத்தாள். இதற்கு இஸ்திரி சரியில்லை. ஊருக்கெல்லாம் போடுகிறவள் வீட்டுச் சட்டையை எப்போதும் நாளைக்கு என்று தள்ளிப் போடுவாள். அவரும் கேட்டதில்லை. பெட்டியைச் சூடாக்கலாமா என்று நினைத்தாள். இந்த நேரத்திலா? ஏன், இந்த நேரத்தில் போடாமல் வேறு எப்போது? ப்ளக்கைச் செருகினாள்.

பாதிச் சட்டை ஆகியிருக்கும். படியில் செருப்புச் சத்தம். "இருக்கீங்களா?" என்று ஓர் இளம் குரல்.

கல்யாணம் ஆகி அதிக நாள் ஆகாத ஜோடி. அந்தப் பையன் ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தான். பெண் ஏற்கெனவே கூடத்தை அளவெடுக்கும் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீடு பாக்க வந்தோம். சாயங்காலம்தான் வரச் சொன்னாங்க. இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு, அப்படியே பாத்துடலாம்னு... தொந்தரவா இருந்தா அப்புறம் வரோம்."

அவசரம் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"தொந்தரவு என்ன. வாங்க, பாருங்க."

எதற்காக அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கால் நிற்காமல் அலைந்தது. இப்போது அலைவதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். முன்னால் நடந்து காட்டினாள். "இந்தக் குழாயை ரொம்ப இறுக்காதீங்க, அப்புறம்தான் சொட்டும். லேசா மூடினா போதும். இந்த ஜன்னல் வழியா மழை அடிக்கும், ஒரு துணிய வச்சுக்கணும். காலையில வெயில் இங்க விழும், துணி சீக்கிரம் காஞ்சிடும். நாற்காலிய மட்டும் இழுக்காதீங்க. தூக்கி வைங்க."

பையன் சுவரைத் தட்டிப் பார்த்தான். "ஆணி அடிக்க விடுவாங்களா?"

"விட மாட்டாங்க."

"அப்ப போட்டோல்லாம்?" என்றாள் அந்தப் பெண். பாவம், கல்யாண ஆல்பத்தின் நினைப்பு முகத்தில் தெரிந்தது.

"சாய்ச்சு வச்சுக்கலாம். பழகிடும்."

"நீங்க ஏன் காலி பண்றீங்க? தண்ணிக் கஷ்டம் ஏதாவது...?"

"அதெல்லாம் இல்லம்மா. சொந்தமா வீடு வாங்கியிருக்கோம்."

"ஐயோ, குடுத்து வச்சவங்க!" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது, பொறாமையே இல்லாத சந்தோஷம். "உங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்ல?"

இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தாள். நல்லவேளை, சூட்டைக் குறைத்துத்தான் வைத்திருந்தாள், கருகவில்லை.

"ஆமாம்மா," என்றாள் முதுகைக் காட்டியபடி. "ரொம்ப."

மாடிப்படி வாசலில் ஓனரம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

ஜோடி போன பிறகும் அந்த அம்மாள் போகவில்லை. அவள் மீதிச் சட்டையை முடித்து, காலரைத் திருப்பித் தேய்த்து, மடித்தாள். முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

"கொண்டு வாம்மா," என்றாள் ஓனரம்மா. "யாரு குடிவந்தா என்ன, வராட்டி என்ன. நான் பாவி. நீ கொண்டு வா."

"வேண்டாம்மா."

"கோவமா என் மேல?"

கோபம் இருந்தது. ஆஸ்பத்திரியில் போன் வந்த நிமிஷத்திலிருந்து நெஞ்சில் கல் மாதிரி இருந்தது. எத்தனை வருஷம் உங்கள் தலைக்கு மேல் பூனை மாதிரி நடந்தோம், கடைசியாகச் சில மணி நேரம் அவரைக் கிடத்த இடம் கிடையாதா என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் சற்று முன் தன் வாயால் சொன்ன ஒரு வார்த்தை காதிலேயே நின்றது. சொந்தமா வீடு வாங்கியிருக்கோம். சொல்லும்போது குரல் தாழவில்லை.

"கோவம்லாம் இல்லம்மா. அவருக்கு வீடு இருக்கு. அங்க கொண்டுபோறோம்."

இறங்கும்போதே மகளுக்குப் போன் போட்டாள். "நம்ம வீட்டுக்கு வா."

"எந்த வீடும்மா?"

"நம்ம வீடுடி."

மறுபக்கம் மகள் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்வது கேட்டது. பிறகு, "சரிம்மா," என்றாள் மகள்.

*

நாத்தனார் வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. "நான் சொல்றதைச் சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்," என்று ஆஸ்பத்திரி வாசலில் சொன்னதுதான் கடைசி. அவளும், "எப்படிப் படுக்கறதுன்னு படுக்கும்போது பாத்துக்கறேன்க்கா," என்றதோடு நிறுத்திக்கொண்டாள். காரில் இவர்கள் முன்னால் போக, அவரை ஏற்றிய வண்டி பின்னால் வந்தது. அவள் நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தாள். சிக்னலில் நடுவே ஒரு லாரி புகுந்தபோது, "அந்த வண்டி வரட்டும், நில்லு, நில்லு," என்று அவசரத்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

புதுக் கட்டடம் என்று பேச்சுக்குத்தான் சொல்வது. கட்டடம் பழசு, இவர்களுக்குத்தான் புதுசு. வாசல் கேட்டில் சங்கிலி போட்டிருந்தது. வாட்ச்மேன் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். பெரிய வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"சாமான் வண்டியா? ஞாயித்துக்கிழமைதான் சாமான் ஏத்த விடுவோம்."

"சாமான் இல்லைங்க," என்று அவள் காரிலிருந்து இறங்கினாள். "மூணாவது மாடி, கடைசி வீடு."

"அது லிஃப்ட்காரர் வீடாச்சே." வாட்ச்மேன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாருன்னு தெரியலையேம்மா. எனக்கு வீட்டுக்காரரைத்தான் தெரியும். வீட்டுக்காரர் வரலையா?"

"வந்திருக்கார்."

"எங்க?"

"பின்னால வண்டியில." கையால் காட்டினாள். "படுத்திருக்கார்."

வாட்ச்மேன் சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் பின்னால் நடந்தார். வண்டியின் கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்து சங்கிலியை அவிழ்த்தார்.

"நேத்து வரலையேன்னு நினைச்சேன்," என்றார். "தினம் வேலை முடிஞ்சதும் வந்துடுவாரும்மா. என் நாற்காலிய வாங்கிட்டு மேல போவார். வீட்டுல சும்மா உட்கார்ந்திருப்பார். என்ன சார் பண்றீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். வீட்டுல இருக்கேன்ப்பான்னார்."

வேலை அதிகம், வேலை அதிகம் என்று எவ்வளவு அழகாகப் புளுகியிருக்கிறார். தினமும் சோறு ஆறிப்போய் அவள் திட்டியிருக்கிறாள். கேட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து சாப்பிட்டிருக்கிறார் கள்ளன்.

வண்டிக்காரரும் அவசரமும் வாட்ச்மேனும் இன்னொரு வீட்டிலிருந்து வந்த ஒருவரும் சேர்ந்து அவரை இறக்கினார்கள். வாசலுக்கு நேராக லிஃப்ட். மடக்குக் கம்பிக் கதவு போட்ட பழைய ரகம். அதைச் சுற்றிக்கொண்டு படிக்கட்டு ஏறியது.

"லிஃப்ட்ல போகாதா?" என்றான் அவசரம்.

"நின்னுகிட்டுப் போறவங்களுக்குத்தான் அது," என்றார் வாட்ச்மேன். "படியிலதான் தூக்கணும். அம்மா, நீங்க லிஃப்ட்ல போங்க."

"இது ஓடாதே?"

"ஓடுதும்மா. ரொம்ப வருஷமா கெட்டுத்தான் கிடந்துச்சு. யார் யாரோ வந்து பாத்துட்டு, தூக்கிப் போடணும்னு சொல்லிட்டுப் போனாங்க. சார்தான் சாயங்காலம் சாயங்காலம் நோண்டிக்கிட்டே இருந்தார். வீட்டம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற மாட்டா, குடிவர்றதுக்குள்ள ஓட விட்டுடணும்னார். முந்தாநாள்தான் ஓடுச்சு."

நாத்தனார் அப்போதுதான் உடைந்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, "அடப்பாவி, அடப்பாவி," என்று தம்பியைத் திட்டித் திட்டி அழுதாள். தன் கால்களில் வேறு வேறு செருப்பு இருப்பதையும் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் கழற்றி ஓரமாக விட்டாள்.

"நானும் படியிலேயே வரேன்," என்றாள் இவள். "அவர் பின்னாலேயே வரேன்."

"ஏறும்மா அதுல." நாத்தனார் அவளைப் பிடித்து லிஃப்ட்டுக்குள் தள்ளாத குறை. "அப்புறம் எதுக்குடி அவன் அதைச் சரி பண்ணான்? போ. போய்க் கதவைத் திற. நான் அவங்களோட வரேன். வீட்டுக்கு வர்றவனுக்கு யாராவது கதவைத் திறக்க வேண்டாமா?"

கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினாள். பொத்தானை அழுத்தினாள். ஒரு குலுக்கல், பிறகு சத்தமே இல்லாமல் ஏறியது. எண்ணெய் வாசனை அடித்தது. அவருடைய சட்டைக் கைகளில் எந்தச் சோப்புக்கும் போகாத வாசனை. அவள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

கம்பிகளுக்கு வெளியே படிக்கட்டு சுற்றிச் சுற்றி வந்தது. முதல் வளைவில் அவர்களைப் பார்த்தாள். அவசரத்தின் வேர்த்த கழுத்து. வாட்ச்மேனின் தொப்பி இல்லாத தலை. நடுவில் வெள்ளைத் துணிக்குள் அவர், கால் பக்கம் தாழ்ந்து, தலைப் பக்கம் உயர்ந்து. திருப்பத்தில் திரும்ப முடியாமல் நின்றிருந்தார்கள்.

"மெதுவா, மெதுவா. செவுத்துல இடிச்சுடப் போறோம்."

"சத்தம் போடாம வாங்கப்பா, எல்லா வீட்டுலயும் ஆள் இருக்காங்க."

"இடிச்சா இடிக்கட்டும் தம்பி!" என்று லிஃப்ட்டுக்குள்ளிருந்து அவள் கூவினாள். தன் தொண்டையில் இவ்வளவு பெரிய குரல் இருப்பது அவளுக்கே தெரியாது. அது படிக்கட்டெல்லாம் மோதி எதிரொலித்தது. அவர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் லிஃப்ட் மேலே போய்விட்டது.

மூன்றாவது மாடியில் இறங்கியதும் ஓடினாள். சாவிக் கொத்தில் எந்தச் சாவி? இரண்டு தப்பு. மூன்றாவது நுழைந்தது, திரும்பவில்லை. கீழே காலடிகள் நெருங்கிக்கொண்டிருந்தன. வலது பக்கம் திருப்பினாள், இடது பக்கம் திருப்பினாள். அவர் வந்து வாசலில் நிற்கும்போது கதவு பூட்டிக் கிடந்தால்? அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் திறந்தபடியே சொன்னாரே: 'இது கொஞ்சம் வீம்பு பிடிச்ச பூட்டு, உன்னை மாதிரி. கதவை உன் பக்கம் இழுத்துக்கிட்டுத் திருப்பு.' இழுத்துக்கொண்டு திருப்பினாள். திறந்தது.

கூடம் பெருக்கியிருந்தது. காரைத் தூளைக்கூட யாரோ கூட்டி, ஒரு காகிதத்தில் மடித்து மூலையில் வைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ. நடுக் கூடத்தில் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரைப் பார்த்தபடி. சுவரில் கோணல் ஆணி.

அவள் பையிலிருந்து சட்டையை எடுத்து உதறினாள். வெட்டுப்பட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி, காலரைப் பிடித்து ஆணியில் மாட்டினாள். ஆணி அசையவில்லை.

நாற்காலி வழியில் கிடந்தது. பழக்கத்தில் இரண்டு கைகளாலும் தூக்கப் போனவள், நின்றாள். பிறகு ஒரு கையால் முதுகைப் பிடித்து இழுத்தாள். கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, காலி வீடு முழுவதும் கிறீச்சிட, இழுத்துக்கொண்டே போய்ச் சுவரோரம் விட்டாள். விட்டுவிட்டு, கீழேயிருந்து யாராவது கேட்பார்களா என்று காது கொடுத்தாள்.

யாரும் கேட்கவில்லை. படியில் காலடிகள் கடைசித் திருப்பத்துக்கு வந்துவிட்டன. அவள் போய்க் கதவின் இன்னொரு பாதியையும் தாழ் நீக்கித் திறந்துவைத்து, வேலையிலிருந்து வருகிறவருக்கு வழி விடுவது போல ஒதுங்கி நின்றாள்.